பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் அவர் குவேக்கர் இல்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 9 மே 2023

இங்கிலாந்தின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எதையும் எழுதிவைக்காமல் விட்டதில்லை என்று படித்தேன். பிறப்பு, திருமணம், அடக்கம் மூன்றுக்கும் தனிப் பதிவேடு வைத்திருந்தார்களாம். என் மருமகனின் முன்னோர் குவேக்கர்கள் என்று அவர்கள் வீட்டில் பெருமை பேசுகிறார்கள். பதிவேட்டில் தேடினேன், குறிப்பிட்ட ஆளின் திருமணமும் இல்லை, அடக்கமும் இல்லை. அப்படியென்றால் அவர் குவேக்கரே அல்ல, வீட்டுக்கதை பொய் என்று முடிவு கட்டலாம் அல்லவா?

9 மே 2023, இரவு

கட்டாதீர்கள். முப்பத்திரண்டு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் சொல்கிறேன். வில்லங்கச் சான்றில் ஒன்றும் வரவில்லை என்றால் வில்லங்கமே இல்லை என்று பொருள் அல்ல. எந்த ஆண்டுகளுக்குத் தேடினீர்கள், எந்த அலுவலகத்தில், பெயரை எப்படி எழுதித் தேடினீர்கள், இத்தனையும் இருக்கிறது.

எனக்கும் இரண்டு ஆண்டுகளாக இதே பித்து. மகன் இங்கிலாந்தில் லங்காஸ்டரில் இருக்கிறான், மருமகள் அந்தப் பக்கத்துப் பெண். ஆண்டில் பாதி அங்கேதான் எனக்குச் சாப்பாடு. ஒரு நாள் பேத்தி, "தாத்தா, உங்கள் தாத்தாவின் தாத்தா யார்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயர். அதனால் பெயரை மட்டும் துணிந்து சொல்லிவிட்டேன், வேறொன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மா, "நாங்கள் பழைய குவேக்கர் குடும்பம்" என்று ஒரு வரி சொன்னார். அவர் இன்று எந்தக் குவேக்கர் வழிபாட்டுக் கூட்டத்துக்கும் போகிறவர் அல்லர். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன், இன்னும் கரையேறவில்லை.

பெயர் எதையும் இங்கே போட மாட்டேன். சம்பந்தியம்மாவுக்குப் பிடிக்காது. பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம்.

9 மே, அதே இரவு

குவேக்கர் ஓட்ஸ் டப்பாவைப் பற்றி எப்படியும் யாராவது கேட்பீர்கள். அந்த டப்பாவில் தொப்பி போட்டுச் சிரிப்பவருக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குவேக்கர் கடையில் எடை குறையாது, விலை மாறாது என்ற நல்ல பெயரை ஓர் அமெரிக்கக் கம்பெனி 1877இல் வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டது. கேட்பரி, ஃபிரை, ரவுன்ட்ரீ ஆகிய சாக்லேட் குடும்பங்கள்தாம் உண்மையான குவேக்கர்கள்.

10 மே 2023

நீங்கள் பார்த்தது எது என்று முதலில் சொல்லுங்கள். மூலமா, சுருக்கமா?

கதை இதுதான். 1837இல் இங்கிலாந்தில் அரசே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியத் தொடங்கியது. 1840 சட்டத்தையொட்டிக் குவேக்கர்கள் தங்கள் பழைய பதிவேடுகளை அரசிடம் ஒப்படைத்தார்கள். அவை இன்று கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 6 என்ற வரிசையில் இருக்கின்றன. கட்டணத் தளங்களில் படமாகவும் கிடைக்கின்றன. கொடுப்பதற்கு முன் தங்களுக்கென்று வட்டாரவாரியாகச் சுருக்கம் எழுதிக்கொண்டார்கள். ஒரு படி உள்ளூரில், ஒரு படி லண்டனில் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள நண்பர்கள் இல்லத்தின் நூலகத்தில். (இவர்களின் முறையான பெயர் நண்பர்கள் சங்கம். "குவேக்கர்", அதாவது நடுங்கிகள், என்பது மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர்.) சுருக்கத்தில் தேடுவது எளிது. ஆனால் சாட்சிகளின் பெயர் அதில் கிடையாது. சாட்சிகள் இல்லாத திருமணப் பதிவு எனக்கு எல்லை குறிப்பிடாத கிரயப் பத்திரம் மாதிரி.

ஒரு வேடிக்கை. இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் வடக்கே ஃபிர்பாங்க் குன்றில் நின்று ஆயிரம் பேருக்குப் பிரசங்கம் செய்தது 1652இல். ஆர்.ஜி. 6 வரிசையோ 1578இலிருந்து தொடங்குகிறது. இயக்கம் பிறப்பதற்கு 70 ஆண்டுக்கு முன்பே குவேக்கர் பிறந்தாரா என்று நான் ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டேன். சேர்ந்தவர்கள் தங்கள் பழைய பிறந்த தேதியையும் சேர்த்து எழுதிக்கொண்டதன் விளைவு அது. வீடு வாங்கியவர் அப்பன் காலத்துத் தாய்ப்பத்திரத்தையும் பீரோவில் வைத்துக்கொள்வது போல.

இன்னொன்று. ஆங்கிலத் திருச்சபைப் புத்தகத்தில் ஞானஸ்நானப் பதிவு தேடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். இவர்கள் ஞானஸ்நானம் கொடுப்பதே இல்லை. பிறந்த நாள்தான் பதிவில் இருக்கும்.

13 மே 2023

செத்தவர் கையெழுத்துப் போட்ட கதை.

சம்பந்தியம்மாவின் முன்னோர்களில் எனக்குக் கிடைத்த மூத்த ஆள் கெண்டல் பக்கம் தோல் பதனிட்டவர். தோல்காரர் என்று வைத்துக்கொள்வோம். அடக்கப் பதிவு: 1702, 1ஆம் மாதம், 20ஆம் நாள். மகளின் திருமணச் சான்றிதழில் இவர் கையெழுத்து இருக்கிறது. அதன் தேதி: 1702, 11ஆம் மாதம், 14ஆம் நாள். ஜனவரியில் புதைத்த மனிதர் நவம்பரில் வந்து மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்!

இவருக்கு இதே பெயரில் ஒரு மகன் இருந்திருக்க வேண்டும், கையெழுத்து அவனுடையது என்று நானே தீர்ப்பு எழுதி, அந்த இல்லாத மகனைத் தேடி மூன்று வாரம் அலைந்தேன். பிறகுதான் எண்ணில் சூது இருப்பது தெரிந்தது. ஜனவரி, மார்ச் எல்லாம் ரோமத் தெய்வங்களின் பெயர்கள் என்பதால் குவேக்கர்கள் அவற்றை வாயால் சொல்ல மாட்டார்கள்; எண்ணித்தான் சொல்வார்கள். ஞாயிறுகூட முதல் நாள்தான். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். எனவே 1ஆம் மாதம் மார்ச், 11ஆம் மாதம் ஜனவரி, 12ஆம் மாதம் பிப்ரவரி.

சித்திரையில் ஆண்டைத் தொடங்கிப் பங்குனியில் முடிக்கிற நமக்கு இது புரியவில்லை என்றால் வேறு யாருக்குப் புரியும்? எனக்குத்தான் மூன்று வாரம் ஆயிற்று.

14 மே 2023

நேற்று எழுதியது அரைகுறை. ஒருவர் தனிமடலில் பிடித்துவிட்டார்: "ஐயா, உங்கள் கணக்குப்படியே அடக்கம் 1702 மார்ச், திருமணம் அதற்கடுத்த ஜனவரி. தோல்காரர் இன்னும் பத்து மாதப் பிணம்தானே?"

சரிதான். அவசரத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதி இது. ஆண்டு மாறுவது மார்ச் 25இல் என்றேன் அல்லவா? மார்ச் 20 அதற்கு ஐந்து நாள் முன்பு. அன்றைக்கு இன்னும் பழைய 1702தான் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது 1ஆம் மாதம் ஒன்றே இரண்டு ஆண்டுகளில் கால் வைத்து நிற்கிறது. திருமணம் நம் கணக்கில் 1703 ஜனவரி 14. அடக்கம் 1703 மார்ச் 20. மகளைக் கட்டிக்கொடுத்து இரண்டு மாதம் இருந்துவிட்டுத்தான் போயிருக்கிறார். இப்படிப்பட்ட தேதியை 1702/3 என்று சாய்கோடு போட்டு எழுதுவதுதான் வழக்கம்.

ஆனால் சில எழுத்தர்கள் மார்ச் 1ஆம் தேதியே புது ஆண்டைப் போட்டுவிடுவார்கள். நம் எழுத்தர் எந்த ரகம்? பக்கத்தைப் பார்க்க வேண்டும். தோல்காரருக்கு மேல் வரி 1702, 12ஆம் மாதம். கீழ் வரி 1703, 1ஆம் மாதம், 29ஆம் நாள். நடுவில் இவர். ஒரே கை, ஒரே மை. சந்தேகம் தீர்ந்தது. சுருக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த மேல்வரியும் கீழ்வரியும் எனக்குக் கிடைத்திருக்காது.

14 மே, சற்று நேரம் கழித்து

1752இல் சட்டம் மாறி ஜனவரி 1ஆம் மாதம் ஆனது. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. இடையில் 11 நாள் கிடையாது. அந்த நாட்களில் உங்கள் ஆள் யாராவது பிறந்ததாகப் பதிவு இருந்தால் எனக்கும் காட்டுங்கள், ஆசையாக இருக்கிறது. என் மகனுடைய வருமான வரி ஆண்டு ஏப்ரல் 6இல் பிறப்பதும் அந்தப் பழைய மார்ச் 25, நாள் தள்ளித் தள்ளி வந்து நின்ற இடம்தான். அவனுக்கு இதை விளக்கினேன். "சரிப்பா" என்றான்.

21 மே 2023

திருமணச் சான்றிதழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது நம் மொய் நோட்டு. தொகை மட்டும் இல்லை.

பாதிரியார் கிடையாது, மோதிரம் கிடையாது. மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் மாதக் கூட்டத்தில் (அந்தப் பகுதிக் குவேக்கர்கள் மாதம் ஒருமுறை கூடி நிர்வாகம் பார்க்கும் கூட்டம்) எழுந்து எண்ணத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் வேறு யாருக்கும் வாக்குக் கொடுத்தவர்களா, பெற்றோர் சம்மதம் உண்டா என்று விசாரிக்க ஆட்களை நியமிப்பார்கள். அடுத்த மாதம் மறுபடியும் வந்து சொல்ல வேண்டும். பிறகு ஒரு நாள் எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருக்க, இருவரும் எழுந்து ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வார்கள். முடிந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் சான்றிதழில் கையெழுத்திடுவார்கள். 1753 திருமணச் சட்டம் மற்ற எல்லாரையும் ஆங்கிலத் திருச்சபைக்குள் போய்த்தான் திருமணம் செய்ய வேண்டும் என்று கட்டிப்போட்டபோது விலக்குப் பெற்றவர்கள் இரண்டே கூட்டத்தார்: யூதர்களும் குவேக்கர்களும். இந்தச் சட்டத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கையெழுத்துகளை இடமிருந்து வலமாகப் படிக்காதீர்கள். பெரும்பாலும் மணமக்களின் பெயருக்கு நேர்கீழே வலப்பக்க வரிசையில் நிற்பவர்கள் சொந்தக்காரர்கள். தோல்காரர் அங்கேதான் நிற்கிறார். அவருக்குக் கீழே நான்கு பேர் அதே குடும்பப் பெயர். மகள்கள் என்று நினைக்கிறேன். ஐந்தாவதாக ஒரு கீறல். எழுதத் தெரியாத கிழவியா, எழுதப் பழகும் குழந்தையா என்று அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேத்தி, "குழந்தைதான்" என்றாள். நான் கிழவி கட்சி.

28 மே 2023

சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்கள் ஏன் சிறைக்குப் போனார்கள் என்று ஆங்கிலேயருக்கு விளக்க அரை மணி நேரம் வேண்டும். தமிழருக்கு ஒரு வரி போதும்: நீதிபதியை "நீ" என்றார்கள். அந்தக் கால ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டும் தனித்தனியாக இருந்தன. கடவுளையே நீ என்று கூப்பிடும்போது மனிதனுக்கு எதற்கு "நீங்கள்" என்பது இவர்கள் வாதம். தொப்பியையும் கழற்ற மாட்டார்கள். ஐயா, பெருமானே என்ற அடைமொழியும் கிடையாது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒருவர் வந்து "ஏய் ரிஜிஸ்டிரார், நீ இதில் கையெழுத்துப் போடு" என்று தொப்பியோடு நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

தேடுகிறவருக்கு இதில் ஒரு நட்டம். பதிவில் அடைமொழியே இல்லாததால் பணக்காரர் யார், கூலிக்காரர் யார் என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

ஒரு லாபமும் உண்டு. சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், திருச்சபைக்குத் தசமபாகம் கட்ட மாட்டார்கள். அதற்காகப் பறிகொடுத்த ஒவ்வொரு பொருளையும் விலையோடு எழுதிவைத்தார்கள். "துன்பங்கள்" என்றே அந்தப் பதிவுக்குப் பெயர். ஜோசப் பெஸ் என்பவர் 1689 வரைக்குமானவற்றை மாவட்டவாரியாகத் தொகுத்து 1753இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். அதில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளூர்த் துன்பப் பதிவில் தோல்காரரின் வீட்டிலிருந்து போனவை: பித்தளைப் பானை ஒன்று, பதனிட்ட தோல் ஆறு, போர்வை ஒன்று. அவருடைய சமையலறைக்குள் எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. என் கொள்ளுத்தாத்தா வீட்டில் என்ன பாத்திரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

4 ஜூன் 2023

தோல்காரரின் கல்லறையைப் பார்க்கப் பஸ் பிடித்துப் போனேன். புல்தரை. அவ்வளவுதான்.

வழியில் ஒருவர் வேலி ஓரமாக நின்று, "இங்கே கல்லைத் தேடாதீர்கள்" என்றார். 1717இல் நாடு முழுவதற்குமான ஆண்டுக் கூட்டமே கல் நடுவது வீண் பெருமை, நட்டதையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறது. 1850க்குப் பிறகுதான் ஒரே மாதிரியான சின்னக் கல்லை அனுமதித்தார்கள். வீட்டிலேயே படித்திருக்க வேண்டியது. படிக்காமல் ஒரு கொத்துப் பூ வேறு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். எங்கே வைப்பது? திரும்பிக் கொண்டுவந்து சம்பந்தியம்மாவிடம் கொடுத்தேன். அவருக்கு விவரம் சொல்லவில்லை, மகிழ்ந்துபோனார்.

மறுவாரம் செட்பர்க் பக்கம் பிரிக்ஃபிளாட்ஸ் கூட்ட வீட்டுக்குப் போனோம். 1675இல் கட்டியது, வெள்ளையடித்த சின்ன வீடு. மாடிப்படிக்கு அடியில் நாய்களுக்கு ஓர் அடைப்பு. ஆட்டுக்காரர்கள் நாயோடு வருவார்கள், உள்ளே மௌனம் கலையக் கூடாது என்று செய்த ஏற்பாடு. பேத்தி அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தாள்.

11 ஜூன் 2023

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதுவரை சுற்றியதற்குக் காரணம் உண்டு. எனக்கே பதில் போன வாரம்தான் முழுதாகத் தெரிந்தது.

தோல்காரருக்கு நான்கு தலைமுறை கீழே ஓர் அம்மாள். 1771இல் பிறப்புப் பதிவு ஒழுங்காக இருக்கிறது. அதன்பிறகு ஆள் இல்லை. திருமணம் இல்லை, அடக்கம் இல்லை. காணாமல் போனவர் என்றே கோப்புக்குப் பெயர் வைத்தேன். இறந்திருப்பார் என்று நினைத்தேன். இறந்திருந்தால் அடக்கப் பதிவு இருக்குமே!

பதிவேட்டை விட்டுவிட்டு மாதக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்துக்கு வந்தேன். கெண்டலில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இரண்டு நாள். ஆண்கள் கூட்டத்துக்கு ஒரு புத்தகம், பெண்கள் கூட்டத்துக்கு ஒரு புத்தகம். 1793இல் அம்மாள் கிடைத்தார். சங்கத்தில் இல்லாத ஒருவரைப் பாதிரியார் முன்னிலையில் மணந்துகொண்டார். அதற்காக விலக்கப்பட்டார்.

பதிவேட்டில் அவருக்கு ஒரு வரி. தீர்மானப் புத்தகத்தில் ஐந்து மாதம், ஐந்து பத்தி. ஒழுங்காகப் பிறந்து, ஒழுங்காக மணந்து, ஒழுங்காகச் செத்த அவருடைய அக்காவைப் பற்றி மூன்று தேதிக்கு மேல் எனக்கு ஒன்றுமே தெரியாது. வம்பு செய்தவரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கோர்ட்டுக்குப் போன சொத்துக்குத்தான் கட்டு கட்டாகக் காகிதம் இருக்கும்.

மாப்பிள்ளை பெயரைத் தீர்மானத்தில் எழுதவே இல்லை. கல்மனம் படைத்தவர்கள்! 1753 சட்டம் நினைவிருக்கிறதா? குவேக்கர் முறையில் நடக்காத திருமணம் ஆங்கிலத் திருச்சபையில்தான் நடந்தாக வேண்டும். எனவே சுற்றுவட்டத் திருச்சபைப் பதிவேடுகளை 1792, 1793க்குப் புரட்டினேன். மூன்றாவது ஊரில் கிடைத்தார். மாப்பிள்ளை சாயக்காரர்.

12 ஜூன் 2023

"ஊர்விலக்கு மாதிரியா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. தண்ணீர், நெருப்பு நிறுத்துவதெல்லாம் இல்லை. விலக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வந்து பழைய பெஞ்சிலேயே உட்காரலாம். தீர்மானம் போடும் கூட்டத்தில் உட்கார முடியாது; சங்கத்தின் உதவிப் பணம் கிடையாது. அவர் இனி எங்கள் பேரைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று உலகுக்கு அறிவிப்பதுதான் முக்கியம். மேல்முறையீட்டுக்குக் காலாண்டுக் கூட்டம் உண்டு. வருத்தம் தெரிவித்து எழுதிக்கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

கலப்புத் திருமணத்துக்கு விலக்குவது பிரிட்டனில் 1860 வரை நடந்தது. ஆள்தொகை சுருங்கிக்கொண்டே போகிறது, இந்த விதியும் அதற்குக் காரணம் என்று யார்க் ரவுன்ட்ரீ குடும்பத்து இளைஞர் ஒருவர் 1859இல் பரிசுக் கட்டுரை எழுதிய பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். உங்கள் ஆள் 1860க்கு முன்பு காணாமல் போயிருந்தால் நான் பந்தயம் கட்டத் தயார்.

3 ஜூலை 2023

அமெரிக்காவுக்குப் போன கிளைகளைப் பற்றி. காணாமல் போன அம்மாளின் தம்பி பென்சில்வேனியாவுக்குப் போனார். ஒரு மாதக் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நன்னடத்தைக் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கடன் இல்லை, கல்யாண வாக்கு இல்லை என்று அதில் இருக்கும். பள்ளிக்கூட டி.சி. மாதிரி. அனுப்பிய கூட்டத்திலும் பதிவு, வாங்கிய கூட்டத்திலும் பதிவு. கடல் நடுவில் இருந்தும் நூல் அறுவதில்லை.

அமெரிக்கப் பதிவுகளை வில்லியம் வேட் ஹின்ஷா என்பவர் திரட்டி 1936 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். ஆளின் முந்தைய தொழில் என்ன தெரியுமா? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடகர். பாட்டே கூடாது என்று மௌனமாக உட்கார்ந்திருந்தவர்களின் பேரேட்டைப் பாடகர் ஒருவர்தான் எழுத வேண்டியிருந்தது!

அவருடைய சுருக்கெழுத்துகள் முதலில் என்னைத் திணற வைத்தன. ஒரு பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் "எம்.ஓ.யு." நம் செய்தித்தாளில் எம்.ஓ.யு. என்றால் முதலீட்டாளர் மாநாடு, புரிந்துணர்வு ஒப்பந்தம். 1780களில் இந்தப் பெண் யாரோடு தொழிற்சாலை திறந்தாள் என்று விழித்தேன். ஒற்றுமைக்கு வெளியே மணந்தவள் என்று பொருளாம். அதுவும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம்தான். அமெரிக்கக் கொடியைத் தைத்ததாகச் சொல்லப்படும் பெட்சி ராஸும் இப்படி வெளியே மணந்து விலக்கப்பட்டவரே.

19 ஆகஸ்ட் 2023

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார். தீர்மானப் புத்தகத்தில் ஆள் கிடைத்துவிட்டார். பந்தயத்தில் எனக்குப் பாதி வெற்றி. விலக்கப்பட்டது உண்மை; காரணம் திருமணம் அல்ல, வியாபாரம் நொடித்து ஊராருக்குக் கடன் வைத்தது. இதை மருமகன் வீட்டில் சொல்லலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகச் சொல்லுங்கள். துணைக்குப் பெரிய ஆள் இருக்கிறார். சிறைச் சீர்திருத்தத்துக்குப் பெயர்போன எலிசபெத் ஃபிரையின் கணவர் ஜோசப் ஃபிரையின் வங்கி 1828இல் மூழ்கியபோது அவரையும் விலக்கினார்கள். எலிசபெத் விலக்கப்படவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. கணக்கு எழுதாமல் வாங்கியதும், மற்றவர் பணத்தை வைத்துச் சூதாடியதும்தான் அவர்களுக்குக் குற்றம். இங்கே இருந்திருந்தால் எத்தனை சீட்டுக் கம்பெனிக்காரர்களை விலக்கியிருப்பார்கள்!

இவர்களைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அடிமை வியாபாரத்தில் பணம் பண்ணியவர்களும் இவர்களில் இருந்தார்கள். அதை விலக்கத்தக்க குற்றமாக லண்டன் ஆண்டுக் கூட்டம் அறிவித்தது 1761இல்தான். இயக்கம் தொடங்கி நூறு ஆண்டு கழித்து. உங்கள் தீர்மானப் புத்தகத்தில் அதுவும் வரலாம்.

20 ஆகஸ்ட் 2023

சம்பந்தியம்மா இதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "கிழவி கட்சியா, குழந்தை கட்சியா?" என்று கேட்டதற்கு, "நாய்" என்றார்.

7 ஜனவரி 2024

இரண்டு திருத்தம்.

ஒன்று: ஜூன் 11இல் "கல்மனம் படைத்தவர்கள்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நான் படித்தது ஆண்கள் புத்தகத்தின் முடிவை. பெண்கள் புத்தகத்தை அப்போது மேலோட்டமாகத்தான் பார்த்தேன். இப்போது படங்களை வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தேன். இரண்டு பெண்களை அம்மாளிடம் பேசிவர அனுப்பியிருக்கிறார்கள். முதல் மாதம், பார்த்தோம், அன்பாக வரவேற்றாள் என்று அறிக்கை. இரண்டாம் மாதம், மழையில் போக முடியவில்லை, அவகாசம் வேண்டும். மூன்றாம் மாதம், மறுபடியும் பார்த்தோம், இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம் என்று கேட்கிறார்கள். நான்காம் மாதமும் அதே கோரிக்கை. ஐந்தாம் மாதம்தான் தீர்மானம். மழை ஒரு மாதம் பெய்தது எனக்குப் புரிகிறது, கெண்டல் பக்கத்தில் நானும் நனைந்திருக்கிறேன். ஆனால் மற்ற இரண்டு ஒத்திவைப்பும் மழையால் அல்ல. அந்த இருவரும் கோப்பை நகர்த்தாமல் வைத்திருந்திருக்கிறார்கள். இந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். அலுவலகத்தில் சில கோப்புகளை நானும் அப்படி வைத்திருந்தேன்.

இரண்டு: வேறோர் இழையில் ஒருவருக்கு, அடக்கச் சுருக்கத்தில் வரும் "என்.எம்." என்பதற்குப் பெயர் குறிப்பிடப்படவில்லை என்று பொருள் சொல்லியிருந்தேன். தப்பு. உறுப்பினர் அல்லர் என்று பொருள். உறுப்பினர் அல்லாதவரையும் தங்கள் நிலத்தில் புதைத்திருக்கிறார்கள், பதிவும் செய்திருக்கிறார்கள்.

8 ஜனவரி 2024, அதிகாலை

தூக்கம் வரவில்லை. என்.எம். என்பதன் பொருள் தெரிந்த உடனேயே தோன்றியிருக்க வேண்டும். அம்மாளின் அடக்கத்தை நான் பிறந்த வீட்டுப் பெயரில் மட்டும்தான் தேடியிருக்கிறேன். சாயக்காரரின் பெயரில் தேடவே இல்லை. விலக்கியவரை அவர்கள் எங்கே எழுதப் போகிறார்கள் என்ற எண்ணம்.

8 ஜனவரி 2024, காலை

இருக்கிறார்.

1834. வயது 63. சாயக்காரரின் விதவை. ஊர் அதே ஊர். பக்கத்தில் என்.எம். திருமணத்துக்கும் இதற்கும் இடையில் 41 ஆண்டு. திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவர் எழுதிக்கொடுத்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் எங்கும் இல்லை. 1834 வரை பார்த்துவிட்டேன். வருத்தம் தெரிவிக்கவும் இல்லை, வேறு இடத்தில் படுக்கவும் இல்லை.

வயது, ஊர், கணவர் தொழில் மூன்றும் பொருந்துகின்றன. என் பழைய மேலதிகாரி மூன்று பொருத்தம் இருந்தால் கையெழுத்திடுவார். நானும் இட்டுவிட்டேன். கோப்பின் பெயரை மாற்றியாகிவிட்டது.

நண்பரே, உங்கள் முதல் கேள்வியை நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். 1793இல் இவர் குவேக்கர், திருமணம் பதிவில் இல்லை. 1834இல் பதிவில் இருக்கிறார், குவேக்கர் இல்லை.

8 ஜனவரி 2024, மாலை

சம்பந்தியம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இணைப்புத் துண்டித்துவிட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன். பிறகு, "அந்தப் புல்தரையா?" என்றார். ஆம் என்றேன். "அன்றைக்கு அந்தப் பூ..." என்றார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

2 ஜூன் 2024

பேத்திக்குப் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். தோல்காரர் முதல் அவள் வரை பெரிய தாளில் வரைந்து கொடுத்தாள். எங்கள் பக்கத்துக் கிளைகள் குட்டையாக நிற்கின்றன, பரவாயில்லை. தோல்காரர் இறந்த ஆண்டு "1702/3" என்று இருப்பதை ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு, ஏதாவது ஓர் ஆண்டை எழுது என்று குறித்திருந்தார். பேத்தி அதற்குக் கீழே பென்சிலால், "இரண்டும் சரி, என் தாத்தாவைக் கேட்கவும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை மூன்றரை மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். பதிவேட்டுப் பக்கத்தை மேல்வரி, கீழ்வரியோடு படி எடுத்து வைத்திருக்கிறேன். கையெழுத்துக் கீறலின் படத்தையும் சேர்த்துக்கொண்டேன். கிழவியா, குழந்தையா, நாயா என்று ஆசிரியையிடமும் கேட்டுவிடலாம்.